வரப்பும் வாழ்நாளும்



நான் அமர்ந்து பேசும் இந்த அறைக்கு வெளியே, கதவின் மேல், ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அது எரியும் வரையில் எவரும் இக்கதவைத் திறக்க மாட்டார். எத்துணைப் பெரிய அலுவலராயினும் வெளியே நின்று காத்திருப்பார். உள்ளே வருவதற்கு முன்பே என் கைப்பேசியையும் வாங்கி வெளியில் வைத்துவிட்டார்கள். ஆகவே, அடுத்த இருபது நிமிடம் எனக்கும் உங்களுக்கும் மட்டுமே உரியது. அறுபது வயதைக் கடந்த என் வாழ்வில் இவ்வாறு முழுமையாகக் காக்கப்பட்ட இருபது நிமிடங்கள் எத்தனை கிடைத்தன என்று எண்ணிப் பார்க்கிறேன். மிகச் சிலவே. அந்தக் குறையைப் பற்றியும், அதை நீக்கிக்கொள்ளும் வழியைப் பற்றியுமே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

'காலம் பொன் போன்றது' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதாத மாணவர் இல்லை. அத்தகைய கட்டுரைகளை நான் ஆயிரக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். அவற்றுள் பலவற்றைச் சொன்ன நாளில் திருத்தித் தந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காலத்தின் அருமை நம் எல்லாருக்கும் தெரியும். அருமை தெரிந்தும் அது ஏன் கைநழுவிப் போகிறது? இதுவே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இதற்கு விடையை நான் முதன்முதலாகக் கேட்டது பள்ளியில் அன்று; வயற்காட்டில். தாமிரபரணிப் பாசனத்தில், வாய்க்காலின் கடைமடையில் எங்களுக்குச் சிறிது நிலம் இருந்தது. கோடையில் தண்ணீர் முறைவைத்து வரும். எங்கள் முறை பெரும்பாலும் நள்ளிரவில் வாய்க்கும். தந்தையார் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே நடப்பார். நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னே செல்வேன். மடையைத் திறந்து தண்ணீரை விட்டபின் அவர் ஓரிடத்தில் உட்காரமாட்டார். வரப்பின்மேல் மெல்ல நடந்து, குனிந்து குனிந்து பார்ப்பார். நண்டு வளை ஏதேனும் கண்ணில் பட்டால் ஈர மண்ணை வைத்துக் காலால் மிதித்து அடைப்பார். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில், "இவ்வளவு சின்ன ஓட்டைக்கு ஏன் இத்தனை பாடு?" என்று கேட்டேன். "ஏலே, உடைப்பு எடுத்தா ஊருக்கே தெரியும், ஓடிப்போய் அடைச்சிடலாம். நண்டு வளையில போற தண்ணி, பயிரு காஞ்ச பிறகுதான் தெரியும்" என்றார்.

நெடுநாள் கழித்தே அச்சொல்லின் முழுப்பொருள் எனக்கு விளங்கியது. ஒரு நாள் முழுவதையும் வீணாக்குபவர் அரியர். அவ்வாறு வீணாக்கினால் வீட்டில் கண்டிப்பார்கள். நமக்கே வெட்கமாக இருக்கும். ஆனால் பத்து நிமிடம் வீணாவதை யாரும் பார்ப்பதில்லை. நாளொன்றுக்கு ஆறு முறை பத்துப் பத்து நிமிடமாகப் போனால் ஒரு மணி நேரம். ஓராண்டில் 365 மணி நேரம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உழைப்பவருக்கு அது நாற்பத்தைந்து நாட்களுக்கு மேலான உழைப்பு. ஒன்றரை மாதம் நண்டு வளையில் போய்விடுகிறது. நாமோ, 'நேரமே இல்லை' என்று சொல்லிக்கொள்கிறோம்.

தமிழில் 'வரம்பு' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வயலின் வரப்பும் வரம்பு, எல்லையும் வரம்பு. இரண்டும் ஒரே சொல்லாக அமைந்தது எவ்வளவு பொருத்தம்! வரப்பில்லாத வயலில் ஆற்றையே திருப்பிவிட்டாலும் நீர் நில்லாது. வரம்பில்லாதவருக்கு ஒரு நாளில் நாற்பத்தெட்டு மணி நேரம் கொடுத்தாலும் போதாது.

இதை அறிவுரையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு உரிமை இல்லை. நான் செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும்.

2006-ஆம் ஆண்டு நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன். என் அறைக் கதவு எந்நேரமும் திறந்திருக்கும். யார் வந்தாலும், எப்பொழுது வந்தாலும் வரவேற்பேன். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வேன். அவ்வாண்டு எட்டாம் வகுப்பு மாணவர் ஐவர் உதவித்தொகைத் தேர்வு ஒன்றுக்கு விண்ணப்பித்தனர். நால்வருடைய படிவங்கள் முன்னரே அனுப்பப்பட்டுவிட்டன. ஐந்தாமவனுக்கு வருமானச் சான்று வரக் காலம் தாழ்த்தது. அவனுடைய தாயார் பீடி சுற்றிப் பிழைப்பவர். இரண்டு முறை அரைநாள் வேலையை விட்டு அலைந்து, கடைசி நாள் காலையில் அச்சான்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துச் சென்றார். நான் செய்ய வேண்டியது ஒன்றே: கையொப்பமிட்டு, நண்பகல் பேருந்தில் உதவியாளரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடத்தை அன்று என்னால் காக்க முடியவில்லை. சுற்றுச்சுவர் கட்டும் ஒப்பந்தக்காரர் வந்தார். அவர் எழுந்ததும், மகள் திருமணத்துக்கு அழைக்கப் பழைய நண்பர் ஒருவர் வந்தார். கல்லூரி நாட்களைப் பற்றிப் பேசினோம், காப்பி வந்தது, சிரித்தோம். பிறகு வேறொருவர். ஒருவரும் தீயவர் அல்லர். ஒரு பேச்சும் கெட்ட பேச்சன்று. மறுநாள் காலையில் மேசையை ஒழுங்குபடுத்தியபோது, அந்தத் திருமண அழைப்பிதழுக்கு அடியில் சிறுவனுடைய விண்ணப்பம் கிடந்தது. நானே எடுத்துக்கொண்டு ஓடினேன். பட்டியல் முடிந்துவிட்டது என்றார்கள். அவர்கள் சொன்னது முறையே, பிழை என்னுடையது.

அந்தத் தாயாரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் கோபித்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். "விடுங்க சார், உங்களுக்கு எத்தனை சோலியோ!" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிறுவன் தேர்வு எழுதியிருந்தால் வென்றிருப்பானா என்பதை யாரும் சொல்ல இயலாது. எழுதும் வாய்ப்பை அவனிடமிருந்து பறித்தவன் நான். இதை என்னால் மறக்க இயலவில்லை.

அன்று ஓர் உண்மையைக் கண்டேன். என் நேரத்துக்கு நான் வரம்பு கட்டாதபோது வீணாவது என் நேரம் மட்டுமன்று. என்னை நம்பியிருப்பவரின் நேரமும் வீணாகிறது. அத்தாய் பீடி சுற்றாமல் இழந்த இரண்டு அரைநாட்களையும் சேர்த்தே நான் அழித்தேன். நேரத்துக்கு எல்லை வகுப்பது தன்னலம் என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். எந்நேரமும் எல்லாருக்கும் திறந்திருக்கும் கதவு, வாய் திறந்து கேட்கத் தெரியாதவர்களுக்கு மூடப்பட்ட கதவாகிவிடுகிறது. உரக்கப் பேசுபவர் உள்ளே வருவார். மேசைமேல் ஊமையாகக் கிடக்கும் தாள் காத்துக் கிடக்கும்.

அதன்பின் காலை பத்து மணி முதல் பதினொரு மணி வரை எவரையும் காண்பதில்லை என்று முடிவு செய்தேன். பார்வையாளர்களுக்கு மாலை நான்கு மணி முதல் ஐந்து மணி வரை என்று வாயிலில் எழுதி வைத்தேன். ஊரார் வருந்துவார்களோ என்று அஞ்சினேன். ஒரு வாரம் சிலர் முணுமுணுத்தனர்; இரண்டாவது வாரம் எல்லாரும் மாலையில் வந்தனர். முன்பு அவர்கள் பேசும்போது என் கண் பாதி கோப்பில் இருக்கும். இப்போது நான்கு மணிக்கு வந்தவரிடம் என் முழு முகத்தையும் காட்டி என்னால் பேச முடிந்தது.

ஓர் ஐயம் எழலாம். 'பத்து நிமிடம் பேசிவிட்டு வந்து விட்ட இடத்தில் தொடர்ந்தால் என்ன? போவது பத்து நிமிடந்தானே?' என்று கேட்கலாம். அதுதான் இல்லை. உடல் திரும்பி வந்துவிடுகிறது. மனம் உடனே வருவதில்லை. சோஃபி லெராய் என்னும் ஆராய்ச்சியாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதை எடுத்துக்காட்டியது. ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது, கவனத்தின் ஒரு பகுதி முன்னைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. முன்னது முடியாமல் பாதியில் விடப்பட்டிருந்தால் மிகுதியாக ஒட்டுகிறது. பின்னது அதனால் நலிகிறது. வேதியியல் படித்துக்கொண்டிருக்கும் மாணவன் நண்பன் அனுப்பிய செய்தியை அரை நிமிடம் பார்க்கிறான். மீண்டும் புத்தகத்தை நோக்குகிறான். கண் வரிகளின்மேல் ஓடுகிறது. மனமோ நண்பனுக்கு என்ன விடை எழுதலாம் என்று எண்ணுகிறது. பக்கத்தின் அடிக்கு வந்தபின், மேலே என்ன படித்தோம் என்று தெரியவில்லை. இது உங்களுக்கு நேர்ந்ததில்லையா?

பெரியோர் சிலர் இதை எவ்வாறு வென்றனர் என்று பார்ப்போம். 1909 நவம்பரில் காந்தியடிகள் இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் சென்றார். கப்பலில் கூட்டம் இல்லை, வழக்கு இல்லை, வாயிலில் வந்து நிற்பவர் இல்லை. நவம்பர் 13 முதல் 22 வரையிலான பத்து நாட்களில் 'இந்து சுயராச்சியம்' என்னும் நூல் முழுவதையும் எழுதி முடித்தார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார். 275 பக்கக் கையெழுத்துப் படியில் சுமார் 40 பக்கங்கள் இடக்கையால் எழுதியவை. சவகர்லால் நேரு அகமதுநகர்க் கோட்டையில் சிறையிருந்தபோது, 1944-ஆம் ஆண்டு ஐந்தே மாதங்களில் 'இந்தியாவைக் கண்டறிதல்' என்னும் பெருநூலை எழுதினார். கடல் ஒருவருக்கு வரப்பாயிற்று. சிறை மற்றொருவருக்கு வரப்பாயிற்று.

ஆனால் நமக்குக் கப்பலும் இல்லை, சிறையும் வேண்டாம். நாமே கட்டிக்கொள்ளும் வரப்பு வேண்டும். ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிரொலோப் அஞ்சல் துறையில் நெடுங்காலம் அலுவலராக இருந்தவர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுத உட்காருவார். கைக்கடியாரத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு, கால்மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதுவார். மூன்று மணி நேரம் எழுதியபின் அன்றாட அலுவலுக்குச் செல்வார். இவ்வாறு அவர் முடித்த நாவல்கள் 47. அலுவலைக் குறை கூறிக்கொண்டு அவர் ஓய்வுக்காலம் வரை காத்திருக்கவில்லை.

காந்தியடிகளும் கடலை எதிர்பார்த்து நிற்கவில்லை. நாடே அவரைச் சூழ்ந்து நெருக்கிய காலத்தில் திங்கட்கிழமைகளை மௌன நாட்களாக வைத்துக்கொண்டார். வேலைப் பளுவிலிருந்து சற்று விடுபடவே அதைத் தொடங்கினார். பின்னர் அதுவே ஆன்மப் பயிற்சியாயிற்று. 1947 சூன் 2 ஒரு திங்கட்கிழமை. நாட்டுப் பிரிவினை பற்றிப் பேச அரசப் பிரதிநிதி மவுண்ட்பேட்டன் அவரைச் சந்தித்தார். காந்தியடிகள் பேசவில்லை. பழைய அஞ்சல் உறைகளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. உயர் பொறுப்பில் உள்ளவரிடம் அவசரச் செய்தி பேசவும், நோயாளிக்குப் பணிவிடை செய்யவும் மௌனத்தைக் கலைக்கலாம் என்று இரண்டு விலக்குகளை அவர் தொடக்கத்திலேயே வைத்திருந்தார். அன்றைய குறிப்பிலேயே இதை எழுதினார்.

இந்த விலக்குகளை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். வரப்பு என்றால் மதில் அன்று. நல்ல வரப்பில் மடை உண்டு. வேண்டிய நீர் உள்ளே வரவும், மிகுந்த நீர் வெளியே வடியவும் வழி விட்டே உழவர் வரப்புக் கட்டுகிறார். தாய் நோயுற்று அழைத்தால் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்திருங்கள். தம்பி கணக்குப் புரியாமல் அழுதால் எழுந்திருங்கள். துயரத்தில் இருக்கும் நண்பனை, 'ஆறு மணிக்கு வா' என்று அனுப்பாதீர்கள். எதற்கு எழுவது என்பதை முன்பே முடிவு செய்துகொண்டால், மற்றவற்றுக்கு எழாமல் இருப்பது எளிதாகும்.

இனிக் கைப்பேசியைப் பற்றி. அதை நான் பகையாகக் கருதவில்லை. தொலைவிலுள்ள என் பேரனின் முகத்தை நாள்தோறும் எனக்குக் காட்டுவது அதுவே. ஆயினும் அதன் இயல்பை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். புத்தகத்தில் அத்தியாயம் முடிகிறது. நாளிதழில் கடைசிப் பக்கம் வருகிறது. என் பேச்சும் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், நீங்கள் தப்பித்துக்கொள்ளலாம். கைப்பேசியின் திரையில் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் காட்சிகளுக்கு முடிவே இல்லை. இந்த முடிவிலாத் திரையை 2006-இல் அமைத்தவர் ஏசா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளர். பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். எங்கே நிறுத்துவது என்னும் முடிவை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட கருவி அது. அம்முடிவை நாம் திரும்பப் பெற வேண்டும். படிக்கும்போது அதன் ஒலியை அடக்கி வைப்பது போதாது. கண்ணுக்கு எட்டாத வேறிடத்தில் வையுங்கள். சமையலறையில் அம்மாவிடம் கொடுத்துவிடுவது மிக நன்று. அவரிடமிருந்து திரும்பப் பெறக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்!

எவ்வளவு நேரம் இவ்வாறு அமர்வது? நம் முன்னோர் நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். 1980-களின் பிற்பகுதியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்னும் மாணவர் படிப்பில் மனம் பதியாமல் வருந்தினார். தக்காளி வடிவில் செய்த ஒரு சமையலறைக் கடிகாரத்தை எடுத்துத் திருகி வைத்து, அது மணியடிக்கும் வரை எழாமல் படித்துப் பழகினார். 25 நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு என்னும் அவருடைய முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அவருடைய தக்காளிக்கும் நம் நாழிகைக்கும் ஒரு நிமிடந்தான் வேறுபாடு! எனவே நான் உங்களைக் கேட்பது மிகச் சிறியது: ஒரு வேளையில் ஒரு நாழிகை. அது கைவந்தபின் இரண்டு நாழிகை.

அந்த நாழிகையில் வேறு நினைவு வந்தால் என்ன செய்வது? பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். 'பேருந்துச் சீட்டு', 'நண்பனுக்கு விடை' என்று ஒரு சொல்லில் குறித்துவிட்டுத் தொடருங்கள். எழுந்தே ஆக வேண்டுமானால், எழுமுன் எந்த இடத்தில் விட்டீர்கள், வந்ததும் எதைச் செய்வீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அவ்வாறு எழுதி வைத்தவர்களுக்கு அடுத்த வேலையில் மனம் நன்கு பதிகிறது என்று முன் சொன்ன லெராய் மற்றோர் ஆய்வில், 2018-இல், காட்டியிருக்கிறார்.

'எங்கள் வீட்டில் ஒரே அறை, ஐந்து பேர், தொலைக்காட்சி ஓடுகிறது, நான் எங்கே வரப்புக் கட்டுவது?' என்று கேட்கும் மாணவர் உண்டு. உங்களைத்தான் நான் முதன்மையாக எண்ணிப் பேசுகிறேன். அறை இல்லாதவருக்கும் வேளை உண்டு. வீடு விழிக்குமுன் ஒரு நாழிகை உங்களுடையது. பள்ளி விட்டதும் ஆள் போன வகுப்பறையில் ஒரு நாழிகை கேட்டுப் பெறலாம். கேட்கும் மாணவனுக்கு மறுக்கும் ஆசிரியரை நான் அதிகம் கண்டதில்லை. ஊர்ப்புற நூலகத்தின் மூலை ஒன்று உங்களுக்காகவே இருக்கிறது. வீட்டாரிடமும் பணிவாகச் சொல்லிவையுங்கள்: 'அம்மா, ஏழு மணியிலிருந்து ஏழரை வரை படிக்கிறேன், அதன்பின் கடைக்குப் போய் வருகிறேன்.' குறித்தபடி எழுந்து கடைக்குப் போய்விட வேண்டும். சொன்ன சொல்லைக் காத்தால் மறுநாள் வீடே உங்கள் வரப்பைக் காக்கும்.

நண்பர்களிடம் 'முடியாது' என்று சொல்ல நாணம் தடுக்கும். 'இப்போது இல்லை, எட்டு மணிக்கு வருகிறேன்' என்று சொல்வது எளிது. அது உறவையும் முறிக்காது. மேலும், நீங்கள் பிறருடைய வரப்பை மிதிக்காதீர்கள். ஒருவன் படிக்கும்போது சன்னலுக்கு வெளியே நின்று கூப்பிடுவதும், இரவு பதினொரு மணிக்கு 'தூங்கிவிட்டாயா?' என்று செய்தி அனுப்புவதும் பிறர் வயலில் நண்டு வளை தோண்டுவதே ஆகும்.

ஒரு நாளை முழுவதும் கணக்கிட்டு, மூச்சு விடவும் இடமின்றி அடைக்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். விளையாடுங்கள், பாட்டுக் கேளுங்கள், திண்ணையில் சும்மாவும் உட்காருங்கள். அவற்றுக்கும் வரப்புக் கட்டி முழுமையாக அனுபவியுங்கள். பாதி மனத்தோடு படித்தவன் பாதி மனத்தோடுதான் விளையாடுகிறான்.

அந்தச் சிறுவன் இன்று முப்பது வயதைக் கடந்த இளைஞனாக இருப்பான். எங்கே இருக்கிறான் என்பதை நான் அறியேன். எங்கேனும் இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தால், காலம் தாழ்ந்த என் வருத்தத்தை ஏற்றுக்கொள்ளட்டும்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் கையை உயர்த்திக் காட்டுகிறார். இன்னும் ஒரு நிமிடந்தான். அது முடிந்ததும் கதவின்மேல் உள்ள விளக்கு அணையும். வெளியே போனதும் என் கைப்பேசியைத் திரும்பக் கொடுப்பார்கள். உங்கள் வீட்டுக் கதவின்மேல் அத்தகைய விளக்கை யாரும் வந்து மாட்டித் தரமாட்டார்கள். இன்று மாலை ஒரு நாழிகைக்கு, நீங்களே அதை ஏற்றிப் பாருங்கள்.